மள்ளீயும் மல்லியும்

டமார்!

விளக்கு வெடித்த வேகத்தில் நகைக்கடையின் இரண்டாவது மாடியே ஒரு குலுக்கு குலுங்கியது. ஒட்டியாணமும் வங்கியுமாக ஜொலித்துக்கொண்டிருந்த மாடல் பெண் வீல் என்று அலறி, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிச் சில்லுகள் தரையெங்கும் சிதறின. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் ஒரு கணம் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது. உடை மாற்றும் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு செல்போன் கணீரென்று பேசியது.

"நேனு பாகுன்னானு, ஆன்ட்டி!"

நான் நல்லாத்தான் இருக்கேன், ஆன்ட்டி. இந்த ஒரு தெலுங்கு வசனம் போன மாதத்திலிருந்து திருப்பதியைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் காலேஜ் பையன்கள் இதைச் சொல்கிறார்கள். பரீட்சையில் கோட்டை விட்டவன் அப்பாவிடம் இதைச் சொல்கிறான். எல்லாம் வென்னெலா தைலத்தின் விளம்பரம் செய்த வேலை. அந்த விளம்பரத்தை எடுத்தவள் துர்காதேவி.

டைரக்டர் கோபிகிருஷ்ணன் வெடித்த விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடுப்பையே முறைத்தார்.

"எவன்யா அது? என் செட்ல நின்னுக்கினு அடுத்தவங்க படத்தப் பாக்கறது?"

மேக்கப்மேன் பிரபாகர் தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தான். "சாரி சார். லைட் செட் பண்ணிக்கினு இருந்தாங்களேனு சும்மா..."

"எத்தினி வாட்டிடா பாப்ப?"

"பாக்கப் பாக்க புச்சு புச்சா இன்னாவோ தெரியுது சார். கடைசி ஷாட்ல அந்தப் பொண்ணு கண்ணப் பாருங்களேன்." அப்பாவி, செல்போனை அவரிடமே நீட்டினான்.

"பேக்கப்!" என்று கத்தினார் கோபி.

விளக்கு போனதால் பேக்கப்பா, வேறு எதனாலாவதா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

கோபிகிருஷ்ணன் நகரிக்காரர். திருப்பதியில் விளம்பரப் படம் என்றால் பல வருடங்களாக அவர்தான். நகைக்கடை, பட்டுக்கடை, பல் ஆஸ்பத்திரி, அப்பார்ட்மென்ட் எதுவானாலும் அவருடைய படம் துடைத்து வைத்த கண்ணாடி போல இருக்கும். எந்த ஷாட்டில் மாடலின் கம்மல் எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்பதைக்கூட முன்கூட்டியே வரைந்துவிடுவார். டேப்பை வைத்து அளந்துதான் நாற்காலியைப் போடுவார். 'பேப்பர்ல இல்லாதது ஸ்க்ரீன்ல வரக்கூடாது' என்பது அவருடைய சட்டம். அதில் தப்பும் இல்லை. அந்தச் சட்டத்தால்தான் கடைக்காரர்கள் அவரை நம்பித் தேடி வந்தார்கள்.

துர்காதேவி பிச்சாட்டூர்ப் பெண். அவரிடம் கிளாப் அடித்து, திட்டு வாங்கி, நாலு வருடம் தொழில் கற்றவள். தனியாகப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது கோபி பெருந்தன்மையாக ஆசீர்வாதம் செய்து அனுப்பினார். சின்னச் சின்ன மளிகைக்கடை விளம்பரம் எடுத்துப் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தார். பிழைத்திருக்கலாம். இப்படிப் பிழைத்திருக்கக் கூடாது.

அந்த விளம்பரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கோபிக்கு அது மனப்பாடம். கல்யாண மேடையில் ஒரு மணப்பெண். படம் முழுக்க அவள் முகம் மட்டும்தான். விருந்தாளிகள் ஃப்ரேமுக்கு வெளியே. ஃப்ளாஷ் அடிக்கிறது. "தலைவலியாம்மா?" என்று ஒரு குரல். அவள் சிரித்து, "நேனு பாகுன்னானு, ஆன்ட்டி" என்கிறாள். அடுத்த ஷாட். வேறு குரல், அதே பதில். ஆனால் தலையில் இன்னொரு சரம் மல்லிகை ஏறியிருக்கிறது. அடுத்ததில் இன்னொன்று. பூ காதை மூடி, தோளில் வழிந்து, கடைசியில் பாரம் தாங்காமல் கழுத்து சாய்கிறது. கண் கலங்குகிறது. அப்போதும் அவள் சிரித்துக்கொண்டே, நான் நல்லாத்தான் இருக்கேன் என்கிறாள். பிறகு தைல டப்பா. அவ்வளவுதான்.

தலைவலித் தைலத்துக்கு எடுத்த படத்தைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். 'ஒரு பெண்ணின் மேல் ஏற்றப்படும் சுமையைப் பூவாலேயே சொன்ன இயக்குநரின் பார்வை' என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு பெண்கள் கல்லூரி அவளை அழைத்துச் சால்வை போர்த்தியது. கோபி அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சால்வை மட்டமான சால்வைதான். அதில் கொஞ்சம் ஆறுதல்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? மனைவி பத்மாவதி அதை நகரியிலிருக்கும் தன் தங்கைக்கு அனுப்பிவிட்டு, போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நம்ம துர்காதாண்டி எடுத்துது. எங்க வூட்டுல எத்தினி நாள் சாப்ட்டிருக்கா தெரியுமா!" பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட கத்துக்கினவதானே? உங்களுக்குப் பெருமையா இல்ல?"

"பெருமையாத்தான் கீது" என்றார் கோபி, இட்லியைச் சட்னியில் முக்காமலே விழுங்கியபடி.

வெறும் விளம்பரத்தோடு போயிருந்தால் அவர் எப்படியாவது விழுங்கித்தான் இருப்பார். ஆனால் சித்தூர் ஹரிபாபு படம் எடுக்கப்போகிறார். மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் பெரிய மனிதர். தமிழ், தெலுங்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சினிமா. டைரக்டர் இந்த மண்ணின் ஆளாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். கோபி வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது இதற்காகத்தான். மாந்தோப்புக் காவல்காரன் ஒருவனைப் பற்றிய கதை அவரிடம் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து தயாராக இருந்தது. கதையைக் கேட்டு ஹரிபாபு தலையாட்டிக்கூட விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பாழாய்ப்போன மணப்பெண் அவருடைய செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழம சித்தூருக்கு வாய்யா கோபி" என்று அன்று மாலை போன் வந்தது. "அந்தப் பொண்ணு துர்காவயும் வரச் சொல்லிக்கீறேன். ரெண்டு பேர்ல யாருனு முடிவு பண்ணிடலாம்."

போனை வைத்த கோபி அந்த விளம்பரத்தைத் திரும்பவும் போட்டார். நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, தப்பு தேடினார். ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை. சரம் ஏற ஏற நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. இதை ஒரு மனிதர் முன்கூட்டியே யோசித்து வரைந்திருக்க முடியுமா? தன்னால் முடியாததை நேற்று கிளாப் அடித்த பெண் செய்திருக்கிறாளா?

மறுநாள் அலிபிரிப் பக்கம் ஒரு டீக்கடையில் சண்முகத்தைப் பிடித்தார். செட் சாமான் ஏற்பாடு செய்கிற ஆள். இவருக்கும் வேலை செய்வான், அவளுக்கும் செய்வான்.

"ஏன்யா சண்முகம், மேல மலைக்குப் போனா பூவெல்லாம் சாமிக்குத்தான், பொம்பளைங்க வெக்கக்கூடாது. அந்தக் கணக்கையும் சேத்து மொத்தத்தயும் கீழயே வெச்சிட்டாங்களா உங்க டைரக்டரம்மா?"

சண்முகம் டீயைத் துப்பிவிடுகிற மாதிரி சிரித்தான். "அய்யோ சார், அந்தக் கூத்து உங்களுக்குத் தெரியாதா? அந்தம்மா எங்க பூ வெச்சாங்க? அது மள்ளீ சமாச்சாரம்!"

"இன்னா மள்ளீ?"

"சார், நடிக்க வந்த பொண்ணுக்குத் தமிழ் வராது. கேமராமேனுக்கும் வராது. அதால துர்காம்மா செட்ல தெலுகுதான். ஒரு டேக் முடிஞ்சா 'மள்ளீ'ன்னு கத்துவாங்க. இன்னொருவாட்டினு அர்த்தம். சரியா? பூக்காரம்மா மணியம்மானு ஒண்ணு பக்கத்துல கூடயோட குந்திக்கினு இருந்துது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துலருந்து பிச்சாட்டூருக்கு வந்த ஆளு, அங்க மண்டபத்தாண்டதான் பூ விக்குது. அதுக்குத் தமிழ்தான். துர்காம்மா 'மள்ளீ'ன்னாங்க. இதுக்குக் காதுல 'மல்லி'ன்னு வுழுந்துது. எழுந்து போயி பொண்ணு தலையில ஒரு சரத்த வெச்சிட்டு வந்து குந்திக்கிச்சு. மறுபடி மள்ளீ, மறுபடி ஒரு சரம்! எனுக்குப் புரிஞ்சிது, ஆனா நான் வாயத் தொறக்கல."

கோபி டீ கிளாஸைக் கீழே வைத்தார். பெஞ்சில் முன்னால் நகர்ந்தார்.

"அப்ப... அது பேப்பர்லயே இல்லியா?"

"பேப்பர்ல ஒரே ஒரு ஷாட்டுதான் சார். பொண்ணு சிரிப்பா, தைலம் வரும், முடிஞ்சிது. அந்தப் பொண்ணுக்கு சிரிப்பு சரியா வராததால ரீடேக் மேல ரீடேக்கு."

விபத்து! சுத்தமான விபத்து! 'இயக்குநரின் பார்வை' என்று எழுதினார்களே, அது ஒரு பூக்காரியின் காது! கோபிக்கு அந்த டீக்கடையிலேயே ஆட வேண்டும் போலிருந்தது. சண்முகத்துக்கு இன்னொரு டீயும் மசால் வடையும் சொன்னார். சண்முகம் மிரண்டுபோனான். இந்த மனிதர் வடை வாங்கிக் கொடுத்து அவன் பார்த்ததே இல்லை.

லொகேஷன் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, புத்தூர் வழியாகப் பிச்சாட்டூருக்குக் காரை விட்டார். விளம்பரம் எடுத்த கல்யாண மண்டபத்து வாசலிலேயே மணியம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கோபி செல்போனில் வீடியோ எடுத்தபடியே எதிரில் குந்தினார்.

"ஏம்மா, அந்த ஷூட்டிங்ல நீங்கதான் பூ வெச்சீங்களாமே?"

"பின்ன யாரு வெச்சாங்க?" மணியம்மா சிலிர்த்துக்கொண்டாள். "துர்கா நம்மூரு பொண்ணு. காலையிலருந்து எங்கிட்ட தமிழ்ல நல்லாத்தான் பேசிக்கினு இருந்துது. படம் புடிக்க ஆரம்பிச்சதும் மல்லி, மல்லினு ஒரே கத்து. ஒரு மொழம் வெச்சா போதாதா? நானும் வெக்கிறேன், அது நிறுத்தல. தலையில எடமே இல்ல, காதாண்ட சொருகறேன், அப்பவும் மல்லிங்குது. பணக்காரங்க வூட்டுக் கல்யாணம்போலனு நெனச்சிக்கினேன்."

"தெலுகுல மள்ளீன்னா இன்னானு தெரியுமா உங்களுக்கு?"

"தெலுகுல எனுக்குப் பூ வெல சொல்ல மட்டும்தான் வரும். ஏன், வேற எதுனா சொல்லிச்சா?"

"ஒண்ணுமில்லம்மா" என்று வீடியோவை நிறுத்தினார் கோபி. மனைவிக்கு என்று ஒரு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டார். மனது அவ்வளவு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சித்தூர் ஃபேக்டரி வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலை நெடுக வரிசை கட்டி நின்றன. ஹரிபாபுவின் அறைக்குள்ளும் மாம்பழ வாசனை. துர்காதேவி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அதே பருத்திப் புடவை, அதே எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை. கோபியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதும்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. ஜெயிக்கப் போகிறவர்கள்தான் இப்படி மரியாதை காட்டுவார்கள்.

"வணக்கம் சார். நல்லா கீறீங்களா?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு கோபி நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வசனம்! அதைத் தன் வாயாலேயே சொல்லவிருந்தார்.

ஹரிபாபு அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பாத்தியாம்மா துர்கா? உங்க குருவே உன் டயலாக்கத்தான் பேசறாரு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "குந்துய்யா கோபி. மொதல்ல ஜூஸ் குடி."

"ஜூஸ் இருக்கட்டும் சார். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு பாக்கணும்." கோபியின் குரல் அவருக்கே அந்நியமாக இனித்தது. "துர்கா நான் வளத்த பொண்ணு. அது மேல எனுக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா நீங்க கோடிக்கணக்குல போடப் போறீங்க. எதை நம்பிப் போடறீங்கனு தெரிஞ்சிக்கணுமில்ல?"

செல்போனை மேஜைமேல் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டார். மணியம்மா பேசினாள். 'காதாண்ட சொருகறேன், அப்பவும் மல்லிங்குது' என்ற இடத்தில் ஹரிபாபு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோபி சிரிக்கவில்லை. துர்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தது. முகம் வெளுக்க வேண்டும். தலை குனிய வேண்டும். பிறகு மெதுவாகக் கண்ணில் நீர். காரில் வரும்போதே மனதுக்குள் வரைந்துவிட்டார்.

துர்கா முன்னால் சாய்ந்து, வாயைப் பிளந்து வீடியோவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஹரிபாபுவைவிடப் பெரிதாகச் சிரித்தாள்.

"அய்யய்யோ! அதுதானா விஷயம்? மள்ளீ... மல்லி! கடவுளே!"

"உனுக்கே தெரியாதா?" என்றார் ஹரிபாபு.

"சத்தியமா தெரியாது சார். மணியம்மா ஆசைப்பட்டு வெக்கறாங்கனுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"பாத்தீங்களா சார்?" கோபி பாய்ந்தார். "எப்டி வந்துதுன்னே அதுக்குத் தெரியல! இது டைரக்‌ஷனா? நாளைக்கு உங்க சினிமாவுலயும் யாருக்குக் காது கேக்கலன்னு தேடிக்கினா போவ முடியும்?"

ஹரிபாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு துர்காவைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது. கண்ணில் இல்லை. "கேக்கறாரில்ல? சொல்லும்மா."

துர்கா கொஞ்சம் யோசித்தாள். "சார் சொல்றது சரிதான். மொதல்ல வெச்ச பூவை நான் பாக்கவே இல்ல. பின்னால வெச்சிருந்தாங்க. அப்புறம் ஒரு டேக்ல சரம் முன்னால தோள்ல வந்து வுழுந்துது. மானிட்டர்ல பாத்ததும் எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அப்ப அந்தப் பொண்ணு பாரம் தாங்காம கழுத்த சாய்ச்சா. ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. காலையிலருந்து நான் கெஞ்சிக்கினு இருந்த சிரிப்பு அதுதான் சார்."

"அப்புறம்?"

"வாய மூடிக்கினேன். கேமராமேன் காதுல போயி, இனிமே அந்தப் பூக்காரம்மா பூ வெச்சிட்டு வந்தப்புறம்தான் கேமராவ ரோல் பண்ணணும்னு சொன்னேன். இன்னும் எத்தினி வெப்பாங்கன்னு எனுக்கும் தெரியாது."

வெளியே டிராக்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஹரிபாபு ஜூஸ் கிளாஸை மெதுவாகக் கோபியின் பக்கம் நகர்த்திவைத்தார்.

"கோபி, இந்தப் பொண்ணு உங்கிட்டதானே தொழில் கத்துக்கினா?"

"ஆமா சார்."

"அன்னிக்கி மானிட்டருக்கு முன்னால அவ எடத்துல நீ குந்தியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

கோபிகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் ஒருவராவது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். துர்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாகச் சொன்னார்.

"அவ்ளோ தூரம் விட்டிருப்பனா சார்? சரம் தோள்ல வுழுந்த அந்த செகண்டே கட் சொல்லி, பூ மொத்தத்தயும் பிடுங்கிப் போட்டுட்டு, மொதல்லருந்து எடுத்திருப்பேன்!"